ஒரு ஆளுக்கு மூன்று பீப்பாய்

25 டாலர் புட்டிக்கும் பல ஆயிரம் டாலர் புட்டிக்கும் நடுவே இருப்பது என்ன? அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்தில் விடை தேடிப் போனால், பயணம் ஒரு பழைய நஷ்டக் கணக்கில் போய் முடிகிறது.

கடை திறக்க இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. அதற்குள் வரிசை கட்டிவிட்டார்கள். மடக்கு நாற்காலி, கம்பளி, பிளாஸ்கில் காபி என்று முன்னேற்பாட்டோடு வந்தவர்கள். பக்கத்து மாநிலங்களிலிருந்து இருட்டிலேயே காரை எடுத்தவர்களும் உண்டு. நம் ஊர் ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் ஊற்றும் நாளின் சாயல் இதில் இருக்கிறது. ஆனால் இங்கே நிற்பவர்கள் வசதியானவர்கள். வாங்க வந்திருக்கும் பொருள் விஸ்கி.

இடம், கெண்டக்கியின் தலைநகரான ஃபிராங்க்ஃபர்ட். கெண்டக்கி ஆற்றங்கரையில் செங்கல் கிடங்குகளோடு நிற்கும் பஃபலோ டிரேஸ் வடிசாலையின் வாசல். கதவு திறந்தால் என்ன கிடைக்கும் என்பது அன்றன்றைக்குத்தான் தெரியும். ஒரு நாள் பிளான்டன்ஸ், ஒரு நாள் ஈகிள் ரேர், ஒரு நாள் வெல்லர், இன்னொரு நாள் இ.எச். டெய்லர். ஆளுக்கு ஒரு புட்டிதான். அடையாள அட்டையைப் பதிவு செய்துகொள்கிறார்கள். வாங்கியவர் அதே ரகத்துக்கு உடனே மறுபடி வந்து நிற்க முடியாது.

இத்தனை கட்டுக்காவலும் எதற்கு என்பது விலைப்பட்டியலைப் பார்த்தால் புரிந்துவிடும். பிளான்டன்ஸ் இங்கே சுமார் 65 டாலர். வாசலைத் தாண்டி, நாலு ஊர் தள்ளி இருக்கும் கடையில் அதுவே 100 டாலரைத் தாண்டும். புட்டியின் தலையில் குதிரையும் சவாரிக்காரரும் உள்ள உலோக மூடி. அந்த மூடிகளில் எட்டு வகை. ஒவ்வொன்றிலும் பிளான்டன்ஸ் என்ற ஆங்கிலப் பெயரின் ஓர் எழுத்து. எட்டையும் சேர்த்து வரிசையாக வைத்தால் குதிரை ஓடிப் பந்தயக் கோட்டைத் தாண்டும். விஸ்கிக்காக நிற்பவர்கள் பாதி என்றால், விட்டுப்போன எழுத்துக்காக நிற்பவர்கள் மீதி.

இந்தியாவில் போர்பன் என்றால் பெரும்பாலோருக்கு நினைவு வருவது சாக்லேட் கிரீம் வைத்த பிஸ்கட்தான். அமெரிக்காவில் அது சட்டம் போட்டுக் காப்பாற்றப்படும் மது. 1964இல் அமெரிக்க நாடாளுமன்றம், போர்பன் தங்கள் நாட்டுக்கே உரிய தனிச் சரக்கு என்று தீர்மானம் நிறைவேற்றியது. விதிகள் கறாரானவை. தானியக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். வடிக்கும்போது ஆல்கஹால் 80 சதவீதத்தையும், பீப்பாயில் ஊற்றும்போது 62.5 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. பீப்பாய் புத்தம் புதிய ஓக் மரத்தில் செய்து, உட்புறம் தீயில் கருக்கப்பட்டதாக இருக்க வேண்டும். ஒரு முறை போர்பன் ஊற்றிய பீப்பாய்க்கு மறுமுறை அந்த வேலை இல்லை. ஸ்காட்லாந்துக்குக் கப்பலேறி ஸ்காட்ச் விஸ்கியைச் சுமக்கப் போய்விடுகிறது. புட்டியில் அடைக்கும் முன் தண்ணீர் சேர்க்கலாம். நிறம், மணம் எதுவும் சேர்க்கக் கூடாது. மொலாசஸிலிருந்து எடுத்த சாராயத்துக்கு நிறமும் மணமும் ஏற்றி விஸ்கி என்று விற்கும் வழக்கத்தோடு பழகியவர்களுக்கு இது கொஞ்சம் ஆச்சரியமாகக்கூட இருக்கலாம்.

போர்பனை அமெரிக்காவில் எங்கு வேண்டுமானாலும் வடிக்கலாம். ஆனால் பெரும்பகுதி வருவது கெண்டக்கியிலிருந்துதான். மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக்கல். அதன் வழியே ஊறி வரும் தண்ணீரில் இரும்பு இல்லை. இரும்பு இருந்தால் விஸ்கி கறுத்துக் கெட்டுவிடும். கோடையில் கொதிக்கும், குளிர்காலத்தில் உறையும் பருவநிலையும் கூட்டு. வெயிலில் சாராயம் விரிந்து மரத்துக்குள் புகுகிறது, குளிரில் சுருங்கி வெளியே வருகிறது. நிறமும் இனிப்பும் இப்படி வந்தவை. மாநில வடிப்பாளர் சங்கத்தின் கணக்குப்படி 2025 ஜனவரியில் கெண்டக்கிக் கிடங்குகளில் உறங்கிக்கொண்டிருந்த பீப்பாய்கள் 1 கோடியே 61 லட்சம். மாநிலத்தின் மக்கள்தொகை சுமார் 46 லட்சம். கைக்குழந்தை உள்பட ஆளுக்கு மூன்று பீப்பாய்க்கு மேல்.

இவ்வளவு இருந்தும் ஏன் வரிசை?

வரிசைக்குப் பின்னால் இருக்கும் பெயர், பாப்பி வான் விங்கிள். பாப்பி என்பது பெரியவரைச் செல்லமாக அழைக்கும் பெயர். லேபிளில் ஒரு வயதானவர் சுருட்டுப் பற்றவைக்கிறார். 15, 20, 23 வருடம் பீப்பாயில் கிடந்தவை என்று மூன்று ரகங்கள். குடும்பப் பெயர் தாங்கிய 10 வருட, 12 வருடச் சரக்குகளும் உண்டு. 2002 முதல் இவை பஃபலோ டிரேஸ் கூட்டில் தயாராகின்றன. 23 வருடச் சரக்குக்கு நிறுவனம் அண்மையில் குறித்த விலை சுமார் 450 டாலர். கிட்டத்தட்ட 40,000 ரூபாய். அந்த விலைக்கு அதைக் கடையில் பார்த்தவர்கள் அபூர்வம். கை மாறும்போது விலை ஆயிரங்களில் போகிறது.

அமெரிக்காவில் தயாரிப்பாளர் மொத்த வியாபாரிக்கும், அவர் கடைக்காரருக்கும், கடைக்காரர் குடிப்பவருக்கும் விற்க வேண்டும் என்பதே பொதுவான ஏற்பாடு. 1933இல் மதுவிலக்கு நீங்கியபோது வந்தது அது. ஒரு கடைக்கு வருடத்துக்கு இரண்டு மூன்று புட்டிதான் வரும் என்றால், அது யாருக்குப் போகும் என்பதைக் கடைக்காரர் தீர்மானிக்கிறார். சிலர் நிறுவன விலையையே மூன்று மடங்காக்கி ஒட்டுகிறார்கள். சிலர் வருடம் முழுக்கத் தங்களிடம் வாங்கியவருக்கு மட்டும் தருகிறார்கள். பென்சில்வேனியா போல அரசே மதுக் கடை நடத்தும் மாநிலங்களில் குலுக்கல் நடக்கிறது. அரசு கையில் இருந்தாலும் ஆசை விடவில்லை. ஒரேகான் மாநிலத்தில் மதுவைக் கட்டுப்படுத்தும் ஆணையத்தின் உயர் அதிகாரிகள், பாப்பி போன்ற அரிய புட்டிகளைத் தங்களுக்கென ஒதுக்கச் சொல்லிக் காசு கொடுத்து வாங்கியது 2023இல் வெளியே வந்தது. ஆணையத்தின் தலைமை அதிகாரி பதவி விலக நேர்ந்தது.

பஃபலோ டிரேஸுக்குள்ளேயே கை வைத்தவர்களும் உண்டு. 2013 அக்டோபரில் 20 வருட பாப்பி 195 புட்டிகளும், ரை விஸ்கி 27 புட்டிகளும் காணாமல் போனதாகத் தெரியவந்தது. விசாரணையில் சிக்கியவர் வெளித் திருடர் அல்ல, அங்கேயே பல வருடம் வேலை பார்த்த ஊழியர். புட்டிகள் மட்டுமின்றி முழுப் பீப்பாய்களும் கைமாறியிருந்தன. 2018இல் அவருக்கு 15 வருடச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. சிறிது காலத்திலேயே நன்னடத்தைப் பிணையில் வெளியே வந்துவிட்டார். காலிப் புட்டிக்குக்கூடச் சந்தை இருக்கிறது. அதில் எதை ஊற்றி விற்கிறார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, சுவை எப்படி?

போர்பனில் மக்காச்சோளத்துக்கு அடுத்த தானியம்தான் குணத்தை மாற்றுகிறது. வழக்கமாக அது ரை. மிளகு, கிராம்பு போல நாக்கில் ஒரு சுரீர். ரைக்குப் பதிலாகக் கோதுமை போட்டால் காரம் தணிந்து, கேரமல், வெண்ணெய் தடவிய ரொட்டி என்ற பக்கம் சாய்கிறது. பாப்பி கோதுமை வகை. வெல்லரும் அப்படியே. இரண்டும் வருவது ஒரே வடிசாலையிலிருந்து. 12 வருட வெல்லரில் ஆல்கஹால் 45 சதவீதம். 12 வருட வான் விங்கிளில் 45.2. வயது ஒன்று, வகை ஒன்று. வேறுபாடு, பீப்பாய்கள் கிடங்கின் எந்த மூலையில் கிடந்தன, எந்தப் பீப்பாயை யார் சுவைத்துப் பார்த்துப் பொறுக்கினார்கள் என்பதில்தான். ஆனால் நிறுவன விலையிலேயே ஒன்று மற்றதைப் போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. கள்ளச் சந்தையில் இடைவெளி இன்னும் விரிகிறது. புட்டியைத் துணி சுற்றி மறைத்து இரண்டையும் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தால், எது எது என்று சொல்லத் தடுமாறும் ரசிகர்கள் ஏராளம்.

வயது கூடினால் சுவை கூடும் என்பதும் ஓரளவுக்குத்தான் உண்மை. பழைய பீப்பாயில் நிதானமாக முதிரும் ஸ்காட்ச் 25 வருடம் தாங்கும். புதிய கருக்கிய மரத்தில், கெண்டக்கி வெயிலில் கிடக்கும் போர்பன் அப்படியல்ல. எட்டு முதல் பன்னிரண்டு வருடத்துக்குள் பெரும்பாலானவை உச்சத்தைத் தொட்டுவிடுகின்றன. அதற்கு மேல் மரத்தின் துவர்ப்பு தலைதூக்கும். அதனால்தான் பாப்பி ரசிகர்களிலேயே பலர், 23 வருடத்தைவிட 53.5 சதவீத ஆல்கஹால் கொண்ட 15 வருடத்துக்கே ஓட்டுப் போடுகிறார்கள். 23க்குக் கொடுக்கும் காசு நாக்குக்கு அல்ல, எண்ணுக்கு.

ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு பீப்பாய் சுமார் 200 லிட்டர் கொள்ளும். வருடா வருடம் கொஞ்சம் ஆவியாகிப் போகும். தேவதைகளின் பங்கு என்று அதற்குப் பெயர். 20 வருடம் கழித்துத் திறந்தால் பாதிக்குக் கீழேதான் மிஞ்சியிருக்கும். இன்று கிடைக்கும் 23 வருடச் சரக்கு 2000ஆம் ஆண்டை ஒட்டி ஊற்றப்பட்டது. அப்போது போர்பனைச் சீந்த ஆளில்லை. ஆகவே ஊற்றியது கொஞ்சம், தேவதைகள் எடுத்தது போக மிஞ்சியது இன்னும் கொஞ்சம்.

ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து தெற்கே அரை மணி நேரம் ஓட்டினால் லாரன்ஸ்பர்க். ஆற்றை நோக்கிய மேட்டில் வைல்ட் டர்க்கி வடிசாலை. ஜிம்மி ரஸ்ஸல் 1954இல் இங்கே வேலைக்குச் சேர்ந்தவர். போர்பன் உலகம் அவரைக் குருவாகக் கொண்டாடுகிறது. கருக்கியதிலேயே கடைசிக் கட்டமான நான்காம் எண் கருக்கல், அதாவது முதலைத் தோல் போல மரம் வெடிக்கும்வரை சுடுவது, இந்த வடிசாலையின் அடையாளம். இவர்களின் 101 என்ற புட்டி 50.5 சதவீத ஆல்கஹாலோடு சுமார் 25 டாலருக்குக் கிடைக்கிறது. ரையின் காரம், கருகிய சர்க்கரை, கொஞ்சம் புகையிலை மணம். அமெரிக்காவில் எந்த மூலைக் கடையிலும் இருக்கும். யாரும் நாற்காலி போட்டு உட்காருவதில்லை.

அதே வட்டாரத்தில் ஃபோர் ரோசஸ். ஸ்பானிய பாணியில் மஞ்சள் பூசிய கட்டடம். இரண்டு தானியக் கலவை, ஐந்து வகை ஈஸ்ட். பெருக்கினால் பத்து விஸ்கி. ஒன்றில் பூ மணம், ஒன்றில் பழ வாசம், இன்னொன்றில் மசாலா. ஒற்றைப் பீப்பாய் ரகம் சுமார் 45 டாலர். இதன் வரலாறு வேடிக்கையானது. பல வருடங்கள் நல்ல சரக்கை ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்பிவிட்டு, உள்ளூரில் அதே பெயரில் கலப்பட மலிவு விஸ்கியை விற்றார்கள். அமெரிக்கர்களிடம் பெயர் கெட்டது. 2002க்குப் பிறகுதான் உண்மையான ஃபோர் ரோசஸ் சொந்த ஊருக்குத் திரும்பியது. அமெரிக்கர்கள் வோட்கா பக்கம் போய்விட்ட 1980களிலும் 90களிலும் பழைய போர்பனுக்கு மதிப்புக் கொடுத்தவர்கள் ஜப்பானியர்கள். 1984இல் பிளான்டன்ஸ் ஒற்றைப் பீப்பாய் போர்பன் பிறந்ததும், தாக்குப் பிடித்ததும் அந்தச் சந்தையின் தயவில் என்றால் மிகையில்லை.

மேற்கே திரும்பி, புகையிலைக் கொட்டகைகளையும் மேய்ச்சல் நிலங்களையும் தாண்டினால் லொரேட்டோ. சிவப்புச் சன்னல் கதவுகள் கொண்ட மேக்கர்ஸ் மார்க் வடிசாலை ஒரு பொம்மை கிராமம் மாதிரி இருக்கிறது. புட்டியின் கழுத்தில் சிவப்பு மெழுகைக் கையால் தோய்க்கிறார்கள். நிறுவனர் பில் சாமுவேல்ஸின் மனைவி மார்ஜியின் யோசனை அது. இதுவும் கோதுமை வகை, சுமார் 30 டாலர், எங்கும் கிடைக்கும். 2013 பிப்ரவரியில் கிராக்கியைச் சமாளிக்க முடியாமல், ஆல்கஹாலை 45 சதவீதத்திலிருந்து 42 ஆகக் குறைக்கப் போவதாக அறிவித்தார்கள். தண்ணீர் கலக்கிறார்கள் என்று வாடிக்கையாளர்கள் கொதித்தெழ, சுமார் ஒரு வாரத்தில் முடிவு வாபஸ். வருடத்துக்கு ஒரு புட்டி வாங்குகிறவருக்கும் இதில் சொந்தம் கொண்டாட உரிமை இருக்கிறது என்று நிறுவனம் தெரிந்துகொண்ட வாரம் அது.

லொரேட்டோவிலிருந்து பார்ட்ஸ்டவுன் பக்கம்தான். உலகின் போர்பன் தலைநகர் என்று தனக்குத் தானே பட்டம் சூட்டிக்கொண்ட சிற்றூர். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் மேரிலாண்டிலிருந்து வந்து குடியேறிய கத்தோலிக்கர்கள் பழைய கதீட்ரலையும் வடிசாலைகளையும் ஒருசேர விட்டுச் சென்றார்கள். ஊருக்கு வெளியே கெத்செமனி மடத்தில் துறவிகள் போர்பன் கலந்த ஃபட்ஜ் இனிப்பு செய்து விற்கிறார்கள். ஒரு பக்கம் இப்படி என்றால், மது விற்கவே தடை உள்ள மாவட்டங்களும் கெண்டக்கியில் இன்னும் இருக்கின்றன.

பார்ட்ஸ்டவுனைச் சுற்றிக் குன்றுகளின் மேல் ஆறு, ஏழு மாடிக் கிடங்குகள் ஜன்னல் வைத்த பெட்டிகள் போல நிற்கின்றன. பக்கத்தில் போனால் ஒரு இனிப்பு வாசம். மரங்களும் வேலிகளும் கரி பூசியதுபோலக் கறுத்திருக்கும். தேவதைகளின் பங்கைக் குடித்து வளரும் பூஞ்சை அது. விஞ்ஞானிகள் வைத்த பெயர் பாடோயினியா. கிடங்குக்கு அருகில் வீடு வைத்திருப்பவர்கள் சுவரையும் காரையும் தேய்த்துக் கழுவியே அலுத்துப்போகிறார்கள்.

இந்த ஊருக்கு மறக்க முடியாத தேதி 1996 நவம்பர் 7. ஹெவன் ஹில் நிறுவனத்தின் கிடங்கு ஒன்றில் பிடித்த தீ, பலத்த காற்றில் அடுத்தடுத்துத் தாவியது. எரியும் விஸ்கி ஆறாகச் சரிவில் ஓடியது. ஏழு கிடங்குகளும் வடிசாலையும் சாம்பல். போனது சுமார் 90,000 பீப்பாய்கள். உயிர்ச்சேதம் இல்லை. மறுநாளே போட்டி நிறுவனங்கள் உதவிக்கு வந்தன. தங்கள் வடிசாலைகளில் ஹெவன் ஹில்லுக்கு வடித்துக் கொடுத்தன. இன்று ஹெவன் ஹில்லின் எலைஜா கிரெய்க் சுமார் 30 டாலருக்குத் தாராளமாகக் கிடைப்பதில் அந்த உதவிக்கும் பங்கு உண்டு.

ஊர்க்காரர்களுக்குப் பீப்பாய் என்பது விஸ்கி மட்டுமல்ல. முதிர்ந்துகொண்டிருக்கும் ஒவ்வொரு பீப்பாய்க்கும் வருடா வருடம் வரி உண்டு. பள்ளிக்கூடம், தீயணைப்பு, சாலை எல்லாவற்றுக்கும் அதில் பங்கு போகிறது. வேறெங்கும் இல்லாத தண்டனை இது என்று நிறுவனங்கள் முறையிட, 2026இல் தொடங்கிப் படிப்படியாகக் குறைத்து 2043இல் அறவே நீக்க மாநிலச் சட்டமன்றம் 2023இல் சட்டம் இயற்றியது. கிடங்குகள் தங்கள் தலைமேல், பூஞ்சை தங்கள் சுவரில், வரி மட்டும் போகிறதா என்பது வடிசாலை மாவட்டங்களின் கேள்வி.

அதைவிடப் பெரிய கேள்வி வடக்கே கிளெர்மான்ட்டில் காத்திருக்கிறது. உலகிலேயே அதிகம் விற்கும் போர்பனான ஜிம் பீமின் ஊர். 2025 டிசம்பரில் அந்நிறுவனம், இங்குள்ள தலைமை வடிசாலையில் 2026 முழுவதும் வடிப்பதை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. கையிருப்பு மிஞ்சிப்போய்விட்டது. அமெரிக்கர்கள் குடிப்பதைக் குறைத்துக்கொண்டிருக்கிறார்கள். வெளிநாட்டு வாசலிலும் தகராறு. 2018இல் ஐரோப்பிய ஒன்றியம் 25 சதவீதத் தண்டனை வரி போட்டு, பின்னர் நிறுத்தி வைத்தது. டிரம்ப்பின் வரிகளுக்குப் பதிலடியாக 2025 மார்ச்சில் கனடாவின் மாகாணங்கள் அமெரிக்க மதுவை அலமாரிகளிலிருந்தே எடுத்தன. அதற்கு முந்தைய மாதம் நல்ல செய்தி வந்தது இந்தியாவிலிருந்து. போர்பனுக்கான இறக்குமதி வரியை 150 சதவீதத்திலிருந்து 100 ஆக இந்தியா குறைத்தது. கெண்டக்கியில் 30 டாலர் புட்டி இந்தியக் கடைக்கு வரும்போது அந்த நூறு சதவீதத்தோடு மாநில வரியும் ஏறி உட்காரும். இந்திய ரசிகருக்கு மேக்கர்ஸ் மார்க்கே அரிய சரக்கு. அங்கே வரிசைக்குப் பதில் வரி.

கிளெர்மான்ட்டிலிருந்து நெடுஞ்சாலை பிடித்தால் லூயிவில் பெருநகரம். இங்கே பீப்பாய் செய்த ஒரு பட்டறையை பிரவுன்-ஃபார்மன் நிறுவனம் 2025இல் மூடியது. சுமார் 200 பேருக்கு வேலை போனது. ஓக் பலகையை நெருப்பில் வளைத்து, ஆணி இல்லாமல், கசியாமல் சேர்க்கத் தெரிந்த கைகள். அதே வருடம் புதிதாக முளைத்த சில வடிசாலைகள் கடன்காரர்கள் கைக்கும் திவால் மன்றத்துக்கும் போயின. 2022க்குப் பிறகு கள்ளச் சந்தையிலும் விலைகள் இறங்கத் தொடங்கிவிட்டன.

கெண்டக்கி இதை ஏற்கெனவே ஒரு முறை பார்த்திருக்கிறது. லூயிவில்லின் புறநகரான ஷைவ்லியில் அதன் சாட்சி நிற்கிறது. உயர்ந்த புகைபோக்கி; அதில் ஓல்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற பழைய பெயர். பூஞ்சை பிடித்துக் கறுத்த கிடங்குகள். ஸ்டிட்சல்-வெல்லர் வடிசாலை. 1935இல், ஊரே குதிரைப் பந்தயம் கொண்டாடிய கெண்டக்கி டெர்பி நாளில் திறந்தது. நடத்தியவர் ஜூலியன் வான் விங்கிள். லேபிளில் சுருட்டுப் பற்றவைக்கும் அதே பாப்பி. ரசாயனப் படிப்பாளிகளுக்கு இங்கே இடமில்லை என்று வாசலில் பலகை மாட்டியவர். முடிந்தால் லாபத்துக்கு, முடியாவிட்டால் நஷ்டத்துக்கு, எப்படியானாலும் நல்ல போர்பன் என்பது அவர் கொள்கை.

அவர் 1965இல் இறந்தார். சில வருடங்களில் அமெரிக்கா வோட்காவுக்கு மாறியது. நஷ்டத்துக்கு என்ற பகுதி உண்மையாயிற்று. 1972இல் குடும்பம் வடிசாலையை விற்றது. விற்காத பீப்பாய்கள் கிடங்கில் வருடக் கணக்கில் கிடந்தன. யாரும் திட்டமிட்டு 20 வருடம் வைக்கவில்லை, வாங்க ஆள் இல்லாததால் வயது ஏறியது. 1992இல் வடிப்பதும் நின்றது. பாப்பியின் பேரன், மூன்றாம் ஜூலியன், அங்கும் இங்கும் கிடந்த பழைய சரக்கை வாங்கித் தாத்தா பெயரில் புட்டியில் அடைத்தார். 1990களின் பிற்பகுதியில் ஒரு சுவை நிறுவனம் 20 வருடச் சரக்குக்கு நூற்றுக்கு 99 மதிப்பெண் போட்டது. அதன் பிறகு நடந்ததுதான் ஃபிராங்க்ஃபர்ட் வாசலின் வரிசை. இன்று உலகம் அரிதென்று தேடும் போர்பன், அன்று யாருக்கும் வேண்டாமென்று கிடந்த மிச்சத்தில் பிறந்தது.

இப்போது மறுபடி மிச்சம் குவிகிறது, இந்த முறை கோடிக் கணக்கில். 2022இல் கிராக்கியை நம்பி ஊற்றிய பீப்பாய்கள் 2030ஐ ஒட்டித் தயாராகும். அவற்றைக் குடிக்க அன்று ஆள் இருந்தால் பார்ட்ஸ்டவுனின் பள்ளிகளும் பட்டறைகளும் பிழைக்கும். இல்லாவிட்டால் வயது ஏறிக்கொண்டே போகும். தேவதைகள் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டே இருப்பார்கள். இன்னொரு பேரன் வந்து அதற்கு ஒரு பெயர் வைக்கலாம்.

அதுவரை கெண்டக்கிக்குப் போகிறவர்கள் நாற்காலி தூக்கிக்கொண்டு விடியலில் நிற்க வேண்டியதில்லை. 25 டாலருக்கு வைல்ட் டர்க்கியும், 30க்கு மேக்கர்ஸ் மார்க்கும், 45க்கு ஃபோர் ரோசஸும் எந்தக் கடையிலும் கை எட்டும் தூரத்தில் இருக்கின்றன. மூன்றும் சேர்ந்து 100 டாலர். இந்திய சுங்கம் தீர்வையின்றி அனுமதிப்பது இரண்டு லிட்டர்; முக்கால் லிட்டர் புட்டி இரண்டுக்கு இடம் உண்டு. எந்த இரண்டு என்பதை, ரை பிடிக்குமா கோதுமை பிடிக்குமா என்று அவரவர் நாக்கைக் கேட்டு முடிவு செய்துகொள்ளலாம்.